திசு வெட்டுக்கு சப்ஸ்ட்ரேட் வாங்கும் முன் வேதிப்பெயரைக் கேளுங்கள்

எலியின் சிறுகுடல் உறைநிலை வெட்டுகளில் (உறையவைத்து மெல்லியதாகச் சீவிய திசு) ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தெளிவாக எழுதிக் கேட்டுத்தான் ஒரு விற்பனையாளரிடம் சப்ஸ்ட்ரேட், அதாவது நொதி வேலை செய்தால் நிறம் தரும் வேதிப்பொருள், வாங்கினோம். "திசுவுக்கு ஏற்றது" என்று பதில் வந்தது. பாட்டிலில் வேதிப்பெயர் இல்லை, வெறும் "பாஸ்படேஸ் சப்ஸ்ட்ரேட்".

ஸ்லைடில் விட்டதும் வெட்டின் மேல் நின்ற சொட்டு முழுக்க மஞ்சளானது. திசுவிலோ ஒரு கோடுகூட இல்லை. பஃபரில் கழுவியதும் அந்த மஞ்சளும் போய்விட்டது. விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், அது பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்று. நொதி அதைப் பிளந்தால் வரும் மஞ்சள் பொருள் நீரில் கரைந்துவிடும். எலிசா தட்டில் (கரைசலின் நிறத்தை அளக்கும் குழித்தட்டு) 405 நானோமீட்டர் ஒளியில் அளக்க அருமையான பொருள்தான். ஆனால் நொதி இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டுமென்றால், நிறம் உண்டான இடத்திலேயே வீழ்படிவாகத் தங்க வேண்டும். இதுகூடத் தெரியாமலா திசுவுக்கு என்று விற்கிறார்கள்?

"உங்கள் வெட்டில் நொதி செத்திருக்கும்" என்று பழியை எங்கள் மேல் போட்டார்கள். சரி என்று அதே திசுவின் அடுத்த வெட்டில் பக்கத்து ஆய்வகத்தின் பிசிஐபி, என்பிடி கலவையை விட்டோம்; இதே நொதிக்கு வீழ்படிவு தரும் சப்ஸ்ட்ரேட் அது. குடலுறிஞ்சிகளின் விளிம்பு நெடுகக் கருநீலக் கோடு பளிச்சென்று எழுந்தது.

படம் அனுப்பியதும் பேச்சு மாறியது. பதிலுக்கு, இதே நொதிக்குச் சிவப்பு வீழ்படிவு தரும் ஒரு ஃபாஸ்ட் ரெட் கிட் வந்தது. நல்ல சிவப்பு விழுந்தது, ஆனால் அதன் வழிமுறைத் தாள் கடைசியில் ஆல்கஹால், சைலீன், பிசின் மவுண்டிங் (வெட்டின் மேல் மூடிக் கண்ணாடியைப் பிசினால் ஒட்டுவது) என்று சொன்னது. சந்தேகப்பட்டு ஒரே ஒரு ஸ்லைடை மட்டும் அப்படிச் செய்து பார்த்தோம். ஆல்கஹாலில் இறக்கிய உடனே சிவப்பு கரைந்து ஓடியது. மற்றவற்றை நீர் சார்ந்த மவுண்டிங்கில் வைத்ததால் அவை தப்பின.

பணம் கொடுக்கும் முன் சப்ஸ்ட்ரேட்டின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். விளைபொருள் வீழ்படிவாகுமா, ஆல்கஹாலைத் தாங்குமா என்று கேளுங்கள். பெராக்ஸிடேஸ் என்ற வேறொரு நொதிக்கு வாங்கினாலும் இதே கதைதான்: டிஏபி தரும் பழுப்பு ஆல்கஹாலில் நிற்கும், ஏஇசி தரும் சிவப்பு நிற்காது. உறிஞ்சளவு (கரைசல் உறிஞ்சும் ஒளியின் அளவு) எண்களை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், நிறமேற்றிய திசுவின் படத்தைக் கேளுங்கள். பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதிக்கு, கரையும் மஞ்சள் தரும் ஓஎன்பிஜியைத் திசுவுக்கு என்று தள்ளினால் திருப்பி அனுப்புங்கள், அங்கே தேவை நீல வீழ்படிவு தரும் எக்ஸ்-கால்.

சீல் உடைத்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லி, முதல் பாட்டிலுக்கான பணத்தை இன்றுவரை அவர்கள் தரவில்லை.