பாட்டுப் பாடும் குழந்தைகள் பல் பிரஷ்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

599 ரூபாயிலிருந்து 349-க்கு வந்துவிட்டது, வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கைப்பிடியில் முயல் படம், அடியில் ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன செல் இரண்டு, பட்டனை அழுத்தினால் அதிர்வு, கூடவே இரண்டு நிமிஷப் பாட்டு. இதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் பாட்டைப் பற்றி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போய்விடும். இது வருவதற்கு முன்னால் ராத்திரி பல் விளக்குவது எங்கள் வீட்டில் தினப்படி ரகளை. காலையில் ஸ்கூல் வேன் பயத்தில் எப்படியோ நடந்துவிடும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மகளுக்கு எங்கிருந்துதான் தூக்கம் வருமோ, சோபாவிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆனால் விட்டுவிடக் கூடாதது ராத்திரிதான். தூங்கும்போது வாயில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பல்லில் ஒட்டியிருப்பதைக் கழுவிவிட ஆளில்லாமல் விடியும்வரை அது அங்கேயே கிடக்கும். இந்த பிரஷ் வந்த அன்று அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் நின்றாள். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறாள். அந்த ஒரு விஷயத்துக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது, மறுக்க மாட்டேன்.

இனி பாட்டு. அது ஓடுவது பட்டனை வைத்து, வாயை வைத்து அல்ல. பட்டனை அழுத்துவாள். முன்பல் நான்கை ஒரு இழுப்பு இழுப்பாள். அப்புறம் பாட்டு சரியாகக் கேட்க வேண்டும் என்று பிரஷை வெளியே எடுத்துக் காதோரம் வைத்துக்கொள்வாள். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்கிற கதை நடுவில் வரும், நுரை கண்ணாடியில் தெறிக்கும். மறுபடி அதே நான்கு பல். பாட்டு நின்றதும், "முடிஞ்சுதும்மா!" என்று துப்பிவிட்டு இறங்கிவிடுவாள். பின்னால் இருக்கிற கடைவாய்ப் பற்கள் அன்றைக்கு பிரஷைப் பார்த்திருக்கவே மாட்டா. இன்னொரு தடவை போடு என்றால், "அது காலைக்கு வர்ற பாட்டும்மா." இந்தச் சட்டம் யார் போட்டதென்று தெரியவில்லை.

பெரியவர்களுக்கான எலக்ட்ரிக் பிரஷ் பலவற்றில் முப்பது விநாடிக்கு ஒருமுறை சின்னதாக விட்டு அதிரும். மேல் வலது, மேல் இடது, கீழ் வலது, கீழ் இடது என்று இடம் மாறச் சொல்கிற சமிக்ஞை அது. குழந்தைகளுக்குத்தான் அது ரொம்பத் தேவை. இதிலோ இரண்டு நிமிஷமும் ஒரே ஓட்டம். பாட்டை நான்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் குரலை வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? முயல் படம் வரையத் தெரிந்தவருக்கு அது தோன்றவில்லை.

கீழ்க் கடைவாயில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்ததால் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொத்தையின் ஆரம்பம்தான். பிரஷைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது வேலை செய்யுதுங்க. ஆனா பாப்பா கையில செய்யாது," என்றார். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் விளக்கிவிட வேண்டுமாம். அந்த வயதுக்கு முன்னால் அவ்வளவு நுணுக்கமாகத் திருப்ப மணிக்கட்டுக்கு வராது. எதிரே நின்று தேய்க்காமல் பின்னால் நின்று, குழந்தையின் தலையை நம் வயிற்றில் சாய்த்து, இடது கையால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தால் கடைசிப் பல் வரை தெரியும். செய்து பார்த்தேன், அத்தனை பல்லும் வெளிச்சத்தில் வந்து நிற்கிறது. அதிர்கிற பிரஷை அரக்கவும் கூடாது. ஈறு ஓரத்தில் சும்மா வைத்து மெல்ல நகர்த்தினால் போதும்.

எங்கள் அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. "விழுகற பல்லுக்கு எதுக்கு கண்ணு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பார். முன்பல்தான் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கும் என்றேன். அதோடு, ஆறு வயதை ஒட்டி எந்தப் பல்லும் விழாமலேயே பல் வரிசையின் கடைசியில் ஒரு நிரந்தரப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறைய. என் மகளுக்கு இப்போது அது எட்டிப் பார்க்கிறது. பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக விட்டால்தான் அதன்மேல் படும். அம்மா கேட்டுக்கொண்டார். வேப்பங்குச்சியில் வளர்ந்த அவருடைய பற்கள் இன்றைக்கும் முறுக்கு கடிக்கின்றன என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது முதல் பாட்டு அவளுக்கு, அடுத்த பாட்டு எனக்கு. என் முறையில் பாட்டைவிட எடுபடுவது சாப்பாட்டுத் தேடல்தான். "இங்க பாரு, மத்தியானம் தின்ன கடலைமிட்டாய் ஒளிஞ்சிருக்கு. அட, இங்க ஒரு பொரி!" என்றால் வாயை ஆவென்று திறந்துவிடுகிறாள். பேஸ்ட் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு, அதற்குக் கீழே அரிசி அளவு. ஃப்ளூரைடு இருக்கிறதா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள். துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றி வாயைக் கழுவிவிட்டால் அந்த ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று இதில் உண்டு, அதை அட்டைப் பெட்டியில் யாரும் போடவில்லை. செல் தீரப்போகும் நாட்களில் பாட்டு இழுபடும். முயல் பாடின பாட்டைத் தூக்கக் கலக்கத்தில் எருமை பாடுகிற மாதிரி ஆகிவிடும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரிக்கும்போது வாய் திறந்திருப்பதுபோல வேறு எப்போதும் திறப்பதில்லை. மேல் கடைவாய் இரண்டு பக்கமும் தடையில்லாமல் முடித்துவிடுவேன். அதிர்வு அப்போது பேருக்குத்தான் இருக்கும், ஆனாலும் சாதா பிரஷ் அளவுக்குத் தேய்க்கும். புது செல் வாங்கி வைத்தும் மாற்றாமல் நாளைக் கடத்தியிருக்கிறேன்.

மற்றபடி பொருளாகப் பார்த்தால் தரம் சுமார். தலையும் கைப்பிடியும் சேருகிற கழுத்தில் கறுப்பாக வழவழவென்று ஏதோ சேருகிறது, வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் குமட்டும். மூன்று மாதத்துக்கொரு தடவை தலை மாற்ற வேண்டும். இரண்டு தலை 299 ரூபாய். அதாவது இன்றைய விலைக்குப் புது பிரஷே ஐம்பது ரூபாய்தான் கூட. கஸ்டமர் கேரில் தலை மட்டும் கேட்டால் "ஸ்டாக் வந்ததும் மெசேஜ் வருங்க மேடம்." போன வாரம் பட்டனுக்குள் தண்ணீர் போய், நடுராத்திரி பாத்ரூமில் அதுவாகவே பாட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் எழுந்துபோய் செல்லைப் பிடுங்கிப் போட்டார். அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து எடுத்ததில் சரியாகிவிட்டது, பட்டன் மட்டும் இப்போது இரண்டு தடவை அழுத்தினால்தான் கேட்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நடுராத்திரிக் கச்சேரிக்கு முந்தி கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். பேசினுக்குத் தானே வருகிற குழந்தை வீட்டில் இருந்தால் இருபது ரூபாய் பிரஷே போதும், மிச்சக் காசுக்குக் கடையில் கேட்டு நல்ல சின்னத் தலை பிரஷாக இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். நான் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். தலைக்காக.