ராப்சடியின் ‘லெஜண்டரி டேல்ஸ்’: 15 வருஷம் கேட்ட பிறகு

2009-இல் விடுதி அறையில் ஒரு நண்பன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த ஆல்பம் இது. அதற்குப் பிறகு போன் மாறியது, ஹெட்போன் மாறியது, வேலை மாறியது. ஆல்பம் மட்டும் கூடவே வருகிறது. முதல் வாரத்தில் என்னைப் பிடித்து உலுக்கிய பாடல்கள் வேறு, இன்று நானே தேடிப் போகிற பாடல்கள் வேறு.

புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: ராப்சடி இத்தாலியின் திரியெஸ்தே ஊரைச் சேர்ந்த பவர் மெட்டல் குழு; வேகமும் கனமும் கூடிய ராக் இசை. கிட்டார் லூகா துரில்லி, கீபோர்டு அலெக்ஸ் ஸ்டாரோபோலி, குரல் ஃபாபியோ லியோனே. 1997-இல் வந்த இந்த முதல் ஆல்பத்தில் 10 தடங்கள், ஏறத்தாழ 45 நிமிடம். மரகத வாளைத் தேடிப் போகும் வீரனின் கதை இதில் தொடங்கி, 2002-இல் ஐந்தாவது வெளியீட்டோடு முடிகிறது. 2006-இல் குழுவின் பெயர் ராப்சடி ஆஃப் ஃபயர் என்று மாறிவிட்டது. பழைய பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் புதிய பெயரில் தேடுங்கள்.

‘ஈரா டெனாக்ஸ்’ என்ற லத்தீன் கோரஸ் ஒரு நிமிடம் எழும்பி நிற்கும். அது முடிந்த கையோடு ‘வாரியர் ஆஃப் ஐஸ்’ கிட்டாரும் இரட்டைக் கால் டிரம்முமாகப் பாயும். கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு முன் தவில் முழங்கி, நாதஸ்வரம் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுக்கும்போது கூட்டம் தானாக நிமிர்ந்து நிற்குமே, எனக்கு அதே உணர்வு. நண்பன் கொடுத்த கோப்பில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விழும். சிடி வாங்கிக் கேட்டபோதுதான் இரண்டும் ஒரே மூச்சு என்று தெரிந்தது. பிளேயரில் இடைவெளியின்றி ஓடவிடும் வசதி இருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

என் மாமா சோழவந்தான் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறார். ஒரு வைகாசித் திருவிழாவுக்கு முந்தின நாள் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சோதிக்கும்போது இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். மிக்ஸரில் விரலை வைத்தபடி கண்ணை மூடிக் கேட்டார். “மாப்ள, சாமி பொறப்பாடு மாதிரில்ல இருக்கு” என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்புறம் பேஸ் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். பெட்டியில் ‘தடதட’ என்று இறங்க வேண்டிய கால் டிரம், ‘டக்டக்’ என்று மேலோட்டமாகத் தட்டியது. “அடியில வெயிட்டே இல்லையேடா” என்று மிட்டை, அதாவது நடுத்தர ஒலிகளை, கொஞ்சம் குறைத்தார். கிட்டாரும் கீபோர்டு வயலின்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது விலகி, கோரஸ் பின்னாலிருந்து வெளியே வந்தது. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் வைத்துக் கேட்கிறேன். ஒலிப்பதிவில் இந்த ஆல்பத்தின் குறை இதுதான். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஒலி நன்றாகவே பெருத்துவிட்டது.

ஆனாலும் நான் திரும்பத் திரும்ப வருவது முதல் ஆல்பத்துக்குத்தான். காரணம் நடுவில் உள்ள அமைதியான இடங்கள். மூன்று வருஷம் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் வேலைக்குப் போனேன். வண்டி கிளம்பும்போது ஆல்பத்தைப் போட்டால், வைகைக்கரை வயல்கள் பச்சைப் பசேல் என்று விரியும் சோழவந்தான் பக்கம் வரும்போது ‘வர்ஜின் ஸ்கைஸ்’ வரும். பாட்டு கிடையாது; ஒன்றரை நிமிடம்கூட இல்லை. குழலிசைதான் அதன் உயிர். வலப்பக்கம் சிறுமலை நீலமாகக் கிடக்கும். முதல் ஆறு மாதம் அந்தக் குழலிசையைத் தள்ளிவிட்டு அடுத்த வேகப் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு கையை எடுக்க முடியாமல் நின்றபோது முழுதாகக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் தள்ளியதில்லை. ‘ஃபாரஸ்ட் ஆஃப் யூனிகார்ன்ஸ்’ அப்படியேதான்: வாளும் போரும் ஓய்ந்து, அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஊர்ப்பாட்டு மாதிரி நடக்கும் மெட்டு. லியோனேவின் ஆங்கிலத்தில் இத்தாலிய வாடை தூக்கலாக இருக்கும். இந்தப் பாட்டில் அதுவே அழகு. உச்சஸ்தாயியில் கத்தாமல், குரலைத் திறந்து நிறுத்தும் வித்தை அவருக்குக் கைவந்தது.

‘லாண்ட் ஆஃப் இம்மார்ட்டல்ஸ்’ இன்னும் ரத்தத்தைச் சூடாக்கும். ‘ரேஜ் ஆஃப் தி வின்டர்’ எனக்குக் கொஞ்சம் சலித்துவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். ‘எக்கோஸ் ஆஃப் டிராஜெடி’யை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

போன மாதம் மாமா புதிதாக இரண்டு பேஸ் பெட்டி இறக்கினார். சோதிக்கும்போது என்னைப் பார்த்து, “அந்தப் பொறப்பாட்டுப் பாட்டப் போடு மாப்ள” என்றார். போட்டேன். கை தானாக மிட் குமிழுக்குப் போனது. அவர் ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தார்.