டோர்க்கீயும் சிபிலின் வரவேற்பு மேசையும்

இங்கிலாந்தில் வளர்ந்து இப்போது மெல்பர்னில் குடியிருக்கும் நான், நடிகை புருனெல்லா ஸ்கேல்ஸ் மறைந்த பிறகு ஊருக்குச் சென்றபோது, டெவன் கடற்கரையிலுள்ள டோர்க்கீக்கும் போய்வர முடிவு செய்தேன். 2025 அக்டோபர் 27 அன்று லண்டனில் தமது 93ஆம் வயதில் காலமான அவரை, ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் விடுதிக்காரர் பேசிலின் மனைவி சிபிலாகவே பெரும்பாலோர் அறிவர். 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 பகுதிகளே வந்த அத்தொடரின் கதை, டோர்க்கீ விடுதி ஒன்றில் நிகழ்கிறது.

லண்டன் பாடிங்டனில் ஏறி நியூட்டன் ஆபட்டில் வண்டி மாறினேன். முன்பதிவு செய்வோர் இடப்பக்கச் சன்னலிருக்கையைக் கேட்டுப் பெறுவது நல்லது. டாலிஷ் அருகே தண்டவாளம் கடலை ஒட்டியே செல்கிறது.

தொடருக்கு வித்திட்ட கிளெனீகிள்ஸ் விடுதி இன்று இல்லை. 1970இல் அங்கே தங்கிய ஜான் கிளீஸ் (தொடரை இணைந்து எழுதி, பேசிலாக நடித்தவர்), விருந்தினரை விரட்டாத குறையாக நடத்திய அதன் உரிமையாளரைக் கண்டுதான் பேசில் என்னும் பாத்திரத்தை உருவாக்கினார். விடுதியை இடித்துவிட்டு முதியோருக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டி, தொடரில் உணவு பரிமாறும் மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். (சிபிலுக்கு ஒரு மாடிப்படியாவது ஒதுக்கியிருக்கலாம்.) தொடரின் தொடக்கத்தில் தெரியும் வெள்ளைக் கட்டடமோ பக்கிங்காம்ஷயரில் இருந்தது, அதைத் தேடி இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நான் தங்கிய விடுதியில் வரவேற்பு மேசையே இல்லை. தொடுதிரையில் பெயரைப் பதிந்தால் கதவுக்கான எண் கைபேசிக்கு வருகிறது. வெந்நீர் வரவில்லை என்று எழுதிய செய்திக்கு மறுநாள் காலையில்தான் பதில் கிடைத்தது. சிபிலின் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது. தோழியோடு ஓயாமல் தொலைபேசியில் பேசினாலும், விருந்தினரின் முறையீட்டைக் கேட்பதும், கணவர் கெடுத்த காரியத்தைச் சீர்செய்வதும் அவள்தான். சிரிப்பைப் பேசில் அள்ளிச் சென்றாலும் விடுதியை நடத்தியவள் சிபில் என்பதே என் கருத்து. இந்த இருவரும் ஏன் மணந்துகொண்டார்கள் என்று கேட்டு, சிபில் பேசிலைவிடச் சற்றுத் தாழ்ந்த சமூகப் படியிலிருந்து வந்தவள் என்ற எண்ணத்தைக் கொணர்ந்தவர் ஸ்கேல்ஸ். அவளுடைய பேச்சுத் தொனியும் கரகரத்த சிரிப்பும் அந்தச் சிந்தனைக்குப் பொருந்தி நின்றன.

லண்டன் திரும்பியதும், வாட்டர்லூ அருகிலுள்ள தேசிய நாடக அரங்கின் ஆவணக் காப்பகத்துக்குச் சென்றேன். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டால் கட்டணமின்றிப் பார்க்கலாம். கேட்ட கோப்புகளை ஊழியர்கள் பொறுமையோடு எடுத்துத் தந்தார்கள். 1988இல் ஆலன் பென்னட்டின் இரட்டை நாடகத்தில், ஒன்றில் கோரல் பிரவுன் என்ற நடிகையாகவும், மற்றொன்றில் அப்போது அரியணையில் இருந்த இரண்டாம் எலிசபெத்தாகவும் ஸ்கேல்ஸ் அந்த அரங்கில் மேடையேறினார். அரண்மனை ஓவியங்களின் காப்பாளராக இருந்த சோவியத் உளவாளி ஆந்தனி பிளண்ட்டிடம், போலி ஓவியங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்போல் அரசி பேச்சுக் கொடுக்கும் காட்சி அது. அரங்கம் தன் நாடகங்களை முறையாக ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியது 1990களில்தான் என்பதால், அந்த நடிப்பைக் காண விரும்புவோருக்கு 1991இல் பிபிசி எடுத்த தொலைக்காட்சி வடிவமே வழி. அதிலும் அவரே அரசி.