ஃபிளிர் ஜிஎஃப்320: கசிவைக் காட்டும், அளவு சொல்லாது

எண்ணெய், எரிவாயு நிலையங்களில் மீத்தேன் கசிவு தேடுபவர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கும் அகச்சிவப்புக் கேமரா இது. 320×240 பிக்சல்தான், கைப்பேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். காசு போவது பிக்சலுக்கு அல்ல, 3.2 முதல் 3.4 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரையிலான அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டருக்கும், அதன் பின்னால் குளிர்வித்து வைத்திருக்கும் சென்சாருக்கும். மீத்தேன் வலுவாக உறிஞ்சும் பட்டை அது. கார்பன் டை ஆக்ஸைடு இதில் சிக்காது.

சுவிட்ச் போட்டவுடன் படம் வராது. சென்சார் குளிரச் சில நிமிடம் ஆகும். அந்தக் குளிரூட்டி தேய்ந்துபோகும் பாகம், மாற்றச் செலவு அதிகம். பழைய கேமரா வாங்குவதானால் முதலில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.

வாயு தெரிவதும் தெரியாததும் பின்னணியைப் பொறுத்தது. பின்னால் இருக்கும் சுவரும் கசியும் வாயுவும் ஒரே வெப்பத்தில் இருந்தால் எவ்வளவு கொட்டினாலும் திரை சும்மா இருக்கும். ஒரு ஃப்ளேஞ்சை (இரண்டு குழாய்களை போல்ட்டால் இணைக்கும் விளிம்பு) ஒரே பக்கம் பார்த்துவிட்டு 'கசிவில்லை' என்று எழுதுவது தவறு. இரண்டு மூன்று கோணத்தில் பாருங்கள். தொட்டியின் மேல்மூடியைத் தெளிந்த வானம் பின்னால் வரும்படி கீழிருந்து பாருங்கள். நுண்ணுணர்வு முறை சின்னக் கசிவையும் எடுத்துக் காட்டும், ஆனால் கை நடுங்கினால் குழாயின் ஓரமெல்லாம் புகைவது போலத் தெரியும். ட்ரைபாட் இல்லாமல் அந்த முறையைத் தொடாதீர்கள். நீராவி இன்னொரு தொல்லை. கொஞ்ச தூரத்தில் சட்டென்று மறைந்தால் பெரும்பாலும் ஆவி. இழைந்துகொண்டே போனால் ஹைட்ரோகார்பன்.

இன்னொன்று: எரிவாயு சூழ்ந்து தீப்பிடிக்கக்கூடிய பகுதிக்கான சான்று பெற்றது இதன் இன்னொரு வகையான ஜிஎஃப்எக்ஸ்320. சாதா ஜிஎஃப்320-ஐ அங்கே கொண்டுபோக அனுமதிச் சீட்டும் வாயு மீட்டரும் வேண்டும்.

இனி பெரிய குறை. உமிழ்வுக் கணக்குக்கு வேண்டியது மணிக்கு எத்தனை கிராம் என்ற எண். அதை இந்தக் கேமரா தராது. படத்திலிருந்து அளவு கணிக்கும் தனிக் கருவி உண்டு. காற்றும் பின்னணி வெப்பமும் ஒத்துழைக்காவிட்டால் தனித்தனிக் கசிவில் அதன் பிழை பெரிது. கை எட்டும் இடத்தில் கசிவைப் பையால் மூடிக் காற்றோடு சேர்த்து உறிஞ்சும் ஹை-ஃப்ளோ கருவியே மேல். கணக்கும் எளிது: நிமிடத்துக்கு 200 லிட்டர் உறிஞ்சி, சுற்றுக் காற்றில் உள்ளதைக் கழித்தபின் மீத்தேன் 0.5% என்றால், நிமிடத்துக்கு 1 லிட்டர். 20 டிகிரியில் அது 0.67 கிராம், மணிக்கு 40 கிராம். ஆண்டு முழுக்கக் கசிந்தால் 350 கிலோ. 100 ஆண்டு அளவுகோலில் மீத்தேன் புவியைச் சூடாக்குவது கார்பன் டை ஆக்ஸைடைவிட 28 மடங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 9.8 டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு வால்வுத் தண்டிலிருந்து!

ஹை-ஃப்ளோவிலும் ஒரு பொறி இருக்கிறது. பரவலாக இருக்கும் பழைய வகை, மீத்தேன் 5% வாக்கில் வரும்போது ஒரு சென்சாரிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். மாறாமல் நின்றுவிட்டால் பெரிய கசிவுகள்தான் சுருங்கிப் பதிவாகும். 2.5% மீத்தேன் கலந்த வாயு, 100% மீத்தேன் இரண்டிலும் சரிபார்த்த பிறகே வெளியே எடுங்கள். கேமராவில் மேகமாகத் தெரிந்தது ஹை-ஃப்ளோ மீட்டரில் சொற்பமாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரை.