சின்ன மழைமானி மலைநாட்டுக்குப் போதுமா?

கையளவு நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் மில்லிமீற்றர் கோடுகள், கம்பில் செருக ஒரு பிடி. மலிவு மழைமானி என்றால் இவ்வளவுதான். மழையை அளப்பதோடு, கண்டதைத் தொகுத்துப் பொது முடிவுக்கு வரும் பழக்கத்தையும் இது கற்றுத்தரும். உயர்தர அளவையியலில் தொகுத்தறிதல் என்று படிப்பதை முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். ஆனால் இந்த ரகத்தில் பல, 35 அல்லது 40 மில்லிமீற்றரோடு நிரம்பிவிடுகின்றன. ஹட்டனிலோ பதுளையிலோ வைப்பதற்கு அதுதான் பெரிய குறை.

வாங்கியதும் கோடுகளைச் சோதியுங்கள். வாயின் உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு சுமார் 19.6 சதுர சென்ரிமீற்றர். சிரிஞ்சால் 19.6 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் மட்டம் 10 என்ற கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அழியாத பேனாவால் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லயத்துக் கூரையின் ஓரத்தில் வைத்தால் தகரத்தில் வழிவதும் சேர்ந்துவிடும். 6 மீற்றர் உயரச் சவுக்கு மரம் நின்றால் குறைந்தது 12 மீற்றர் தள்ளி வையுங்கள். வாய் சாயக்கூடாது. தினமும் காலை 8.30க்குப் பார்த்து, தண்ணீர் மட்டத்தின் வளைவில் மிகத் தாழ்ந்த இடத்தை வாசித்து, குறித்தபின் கொட்டிவிடுங்கள்.

கொப்பியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மழை பெய்த நாளை மட்டும் எழுதுகிறார்கள். பெய்யாத நாளுக்கும் 0 என்று எழுதவேண்டும். "காலையில் மூட்டம் கட்டினால் பின்னேரம் மழை" என்ற பேச்சைச் சோதிக்க நான்கு கட்டங்கள் தேவை: மூட்டமும் மழையும், மூட்டம் இருந்தும் மழை இல்லை, மூட்டம் இல்லாமலே மழை, இரண்டும் இல்லை. 30 நாள் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். மூட்டம் கட்டிய 12 நாளில் 8 நாள் மழை. அந்த எட்டும் மனதில் பதிந்து, பேச்சு மெய்தான் என்று தோன்றும். மூட்டமில்லாத 18 நாளில் 12 நாள் மழை என்று கொப்பி சொன்னால்? இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் அந்த மாதத்தில் மூட்டம் மழையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மற்ற மூன்று கட்டங்களையும் நிரப்பாமல் இது தெரியவே வராது.

ஓரிடத்துக் கணக்கை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கும்போது ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஜூலையில் ஹட்டனில் எழுதிய கொப்பி பண்டாரவளைக்கு உதவாது. டிசம்பரில் ஹட்டனுக்கே உதவுமா என்பதும் சந்தேகம்.

இனிக் கொள்ளளவுக்கு வருவோம். 40 மில்லிமீற்றர் குழாய் வழிந்த நாளை "40" என்று எழுதினால், 45 பெய்த நாளும் 160 பெய்த நாளும் கொப்பியில் ஒன்றாகிவிடும். ஆறு மாதம் கழித்து "இங்கே 40க்கு மேல் பெய்வதே இல்லை" என்ற முடிவு வரும். உண்மையில் அது குழாயின் உயரம். வழிந்த நாளை "40க்கு மேல்" என்றே எழுதுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு முன்னெச்சரிக்கை அளவுகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று ஏறும். சின்னக் குழாயில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. கொஸ்லந்தை மீரியாபெத்தை லயங்களை 2014 ஒக்டோபர் 29 அன்று மண் மூடியது. இத்தனை வருட மழைக்கும் அசையாத மலை இனியும் அசையாது என்பதும் தொகுத்தறிதல்தான். உயிர் போகும் இடத்தில் அந்த முடிவை நம்பவேண்டாம். நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, மானி என்ன காட்டினாலும் உடனே வெளியேறுங்கள்.

பணம் இருந்தால் 150 மில்லிமீற்றருக்கு மேல் கொள்ளும் மானியையே வாங்குங்கள். இல்லையென்றால் சின்னதன் பக்கத்தில், 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் 10 சென்ரிமீற்றர் வாயுள்ள புனலைப் பொருத்தி, காற்றுக்குச் சாயாமல் கட்டி வையுங்கள். புனலின் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர், ஆகவே சேர்ந்த தண்ணீரில் 7.85 மில்லிலீற்றர்தான் ஒரு மில்லிமீற்றர் மழை. 150 மில்லிமீற்றருக்கு 1,178 மில்லிலீற்றர் சேரும். போத்தலில் அதற்குப் பிறகும் இடம் மிஞ்சும். புனலின் கழுத்தில் இலை அடைத்தால் கணக்குக் குறைந்துவிடும், வாசிக்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.