பதினான்கு மாதமாக ஒரு பலகையைக் குத்துகிறேன்: மகிவாரா பற்றி

பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பலகைக்காகவா ஒரு மாசம் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

உண்மைதான், பலகைதான். ஆஷ் மரம். நீளம் 210 செ.மீ., அகலம் 9 செ.மீ. அடியில் 9 செ.மீ. தடிமன் இருக்கும், மேலே போகப் போக மெலிந்து நுனியில் ஒன்றரை செ.மீ. ஆகிவிடும். அதனுடன் ஒரு தோல் பட்டை, நான்கு போல்ட்டுகள், இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாள். இதற்குப் பெயர் மகிவாரா. கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவா தீவில் இதை மண்ணில் நட்டுவைத்துத் தினமும் குத்திப் பழகுவார்கள். மகிவாரா என்றால் சுற்றிய வைக்கோல் என்று பொருள். அந்தக் காலத்தில் தோல் பட்டை எல்லாம் கிடையாது, பலகையின் தலையில் வைக்கோல் பிரியை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள்.

நான் கராத்தே வகுப்பில் சேர்ந்தது 42 வயதில். இப்போது 47. கணக்கு எழுதுவது என் தொழில், நாள் முழுக்க நாற்காலிதான். வகுப்பில் என்னுடன் நிற்பவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கட்டாவில், அதாவது வரிசை மாறாமல் செய்து பழகும் அசைவுத் தொடரில், நான் வலதுக்குப் பதில் இடது பக்கம் திரும்பினால், பிரௌன் பெல்ட் கட்டிய ஒரு பத்து வயதுப் பெண் "அங்கிள், அந்தப் பக்கம்" என்று ரகசியமாகச் சொல்லித் திருத்துவாள். சென்செய்க்கு, அதாவது எங்கள் ஆசானுக்கு, வயது 29. அவர் என்னை "சார்" என்பார், நான் குனிந்து வணங்கி அவரை "சென்செய்" என்பேன். ஆரம்பத்தில் இருவருக்குமே இது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

மூன்று வருடம் ஆகியும் என் குத்து காற்றை மட்டுமே குத்திக்கொண்டிருந்தது. பார்க்க ஒழுங்காக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. குத்துப் பை வாங்கலாமா என்று சென்செய்யிடம் கேட்டேன். "பை எல்லாத்தையும் வாங்கிக்கும் சார். நீங்க தப்பாக் குத்தினாலும் சத்தம் நல்லா வரும். மகிவாரா வைங்க" என்றார். அப்படி வந்ததுதான் இது.

முதலில் நட்ட கதை. தாளில் 'மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து மண்ணை நன்றாக இறுக்கவும்' என்று இருந்தது. அதோடு சரி. 70 செ.மீ. குழி தோண்டி, பலகையை இறக்கி, கல்லும் மண்ணும் போட்டுக் காலால் மிதித்தேன். மூன்றே வாரத்தில் பலகை பின்பக்கம் சாய்ந்துவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எனக்கு நகர்ந்தது குழி.

காரணம் நெம்புகோல் கணக்குதான், கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மேலே குத்தும்போது பலகை தரைமட்டத்தில் பின்பக்க மண்ணை அழுத்தும். அதே நேரம் குழிக்குள் இருக்கும் அடிமுனை முன்பக்கமாக, அதாவது நம்மை நோக்கி உதைக்கும். அதனால் இரண்டு குறுக்குக் கட்டைகள் வேண்டும். ஒன்று பலகைக்குப் பின்னால், தரைமட்டத்தை ஒட்டி. இன்னொன்று பலகைக்கு முன்னால், குழியின் அடியில். இவை இரண்டும் இருந்தால் சாதாரண மண்ணே போதும், சிமென்ட் தேவையில்லை. நான் இரண்டாவது முறை அப்படி நட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு விரல்கூட அசையவில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தாளில் இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

எழுதாமல் விட்டதைக்கூட மன்னிக்கலாம், எழுதியதை மன்னிக்க முடியாது. 'முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கைக்கும் 100 குத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நானும் நம்பினேன். நான்காம் நாள் வலது கை முட்டியில் தோல் உரிந்தது. அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஐந்தாம் நாளும் குத்தினேன். அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை, யாரிடமும் காரணம் சொல்லவும் முடியவில்லை. சென்செய் கையைப் பார்த்துவிட்டு, "ஆறுற வரைக்கும் அது பக்கமே போகாதீங்க சார். அப்புறம் இருபதுல ஆரம்பிங்க. மெதுவா, பாதி பலத்துல" என்றார்.

அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. இத்தோசு அன்கோ என்று ஒரு பெரிய ஆசான் இருந்தார். ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர். 1908-இல் அவர் கராத்தே பற்றிப் பத்துக் குறிப்புகள் எழுதினார். அதில் மகிவாராவில் ஒரு கைக்கு நூறு, இருநூறு முறை பழகச் சொல்கிறார். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் அவர் சொல்வதைத்தான் தாள்காரர்கள் விட்டுவிட்டார்கள். தோளை இறக்கு, நெஞ்சைத் திற, கால் தரையைப் பற்றட்டும், மூச்சின் பலம் அடிவயிற்றில் இறங்கட்டும். இதெல்லாம் கூடி வந்த பிறகு நூறு. அதே குறிப்புகளில், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் பழகினால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பு மற்றவர்களுடையதிலிருந்து வேறாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். மூன்று நான்கு வருடம்! ஐந்தே நாளில் கையைக் கிழித்துக்கொண்டவன் அதைப் படித்தால் எப்படி இருக்கும்?

சரி, பொருளுக்கு வருவோம். பலகை அருமை. இதில் சந்தேகமே இல்லை. மகிவாராவின் உயிர் அந்த மெலிவில்தான் இருக்கிறது. நன்றாக இழைத்த பலகை, கை பட்டதும் முதலில் இசைந்து கொடுக்கும். இன்னும் உள்ளே போகப் போக எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு உன் கை வழியாகத் தோளுக்கு, இடுப்புக்கு, பின்காலுக்கு வரும். வழியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே காட்டிக்கொடுக்கும். என்னுடையதில் முதல் ஓட்டை பின்காலின் குதிகால். குத்துகிற கணத்தில் அது தரையை விட்டு எழும்பியிருக்கிறது, மூன்று வருடமாக. வகுப்பில் சென்செய் எத்தனையோ தடவை "சார், குதிகால் தூக்குது" என்று சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன். பலகை ஒரே குத்தில் என்னைப் பின்னால் தள்ளி நிறுத்தியபோதுதான் அவர் சொன்னது புரிந்தது.

இரண்டாவது ஓட்டை இடது கை. வலது கை பட்டால் 'டப்' என்று ஒரு கட்டையான சத்தம். இடது பட்டால் 'தொப்' என்று நனைந்த துணி விழுந்த மாதிரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் பட்டையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரல் முட்டியிலும் நடுவிரல் முட்டியிலும் வெள்ளை. அதுதான் சரி. இடது கையில் மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் வெள்ளை. அங்கே எலும்பு மெலிசு. சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு இப்படிக் குத்தித்தான் அதிகம் உடையும், அந்த முறிவுக்கே பாக்ஸர் முறிவு என்று மருத்துவத்தில் பெயர். ஓங்கிக் குத்தியிருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டுதான் கணக்கு எழுதியிருப்பேன். மணிக்கட்டை ஒரு நூல் அளவு திருப்ப எனக்கு ஏழு வாரம் ஆனது. தினமும் இருபது குத்து, சுண்ணக்கட்டி, கையைப் பார்ப்பது, துடைப்பது. ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடது கையிலிருந்தும் 'டப்' வந்தது. உடனே அடுத்ததில் பழையபடி 'தொப்'. இருந்தாலும் அந்த ஒன்றை நோட்டில் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டு என்றதும் சொல்ல வேண்டும். தொழில் புத்தி போகுமா, தேதி, வலது, இடது, குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டு எழுதுகிறேன். இதுவரையில் இருபதிலிருந்து அறுபதுக்கு வந்திருக்கிறேன். இத்தோசுவின் நூறு இன்னும் தூரத்தில்தான். முன்பெல்லாம் எந்தப் பெல்ட் எப்போது கிடைக்கும் என்றுதான் கணக்குப் போடுவேன். கராத்தேயில் கறுப்புப் பெல்ட் என்பதே 1924-இல்தான் வந்தது, ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின் தன் மாணவர்கள் சிலருக்குக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டையும் ஜூடோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்த இத்தோசுவும் அசாட்டோவும் எந்தப் பெல்ட்டும் வாங்காமலே ஆசான்கள் ஆனவர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, போன தேர்வில் நான் தவறியது கொஞ்சம் உறைக்காமல் போனது. கொஞ்சம்தான்.

அதே ஃபுனகோஷி எழுதி வைத்த இருபது விதிகளில் ஒன்று, கராத்தே வெந்நீர் மாதிரி, விடாமல் சூடு கொடுக்காவிட்டால் மறுபடி பச்சைத் தண்ணீராகிவிடும் என்கிறது. வகுப்பில் சுவரில் மாட்டியிருப்பார்கள், தினமும் பார்ப்போம், யாரும் படிக்க மாட்டோம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் ஆறு வாரம் பலகைப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்து பழைய ஐம்பதிலேயே தொடங்கினேன். பதினெட்டாவது குத்தில் தோல் எரிய ஆரம்பித்தது, மணிக்கட்டு மடங்கியது, குதிகால் வழக்கம்போல் எழும்பியது. நோட்டில் அன்றைக்கு '18, பச்சைத் தண்ணீர்' என்று இருக்கிறது. மறுபடி இருபதிலிருந்து. ஆனால் ஒன்று, முதல் தடவை ஐம்பதுக்கு வர ஐந்து மாதம் ஆனது, இந்தத் தடவை ஐந்து வாரம்தான். அடுப்பு அணைந்தாலும் பாத்திரம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது போலிருக்கிறது. விதியில் இதைச் சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன்.

இனி குறைகள். தோல் பட்டைக்குள் வைத்திருக்கும் ரப்பர் எட்டு மாதத்தில் நடுவில் குழிந்துவிட்டது, குத்தினால் பலகை நேராக முட்டியில் படுகிறது. போல்ட்டுகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தன, துருப்பிடிக்காத எஃகில் வாங்கி மாற்றினேன். பலகைக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. நான் ஆளி விதை எண்ணெய் இரண்டு கை பூசி, மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் அடித்து, மழை நாளில் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டுகிறேன். நட்டுவிட்டால் இடம் மாற்றவும் முடியாது, மண் தரை இல்லாதவர்கள் சுவரில் மாட்டும் வகையைத்தான் பார்க்க வேண்டும். அதை வகுப்பில் குத்திப் பார்த்திருக்கிறேன். பலகை குட்டை என்பதால் அவ்வளவு வளையாது, கைக்குக் கொஞ்சம் கடினம். அப்புறம் சத்தம். காலை ஐந்தரைக்கு 'டப் டப்' என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? ஒருநாள் கேட்டே விட்டார். இப்போது ஆறரைக்கு.

யார் வாங்கலாம் என்றால், ஏற்கெனவே ஒரு ஆசானிடம் பழகுகிறவர்கள் வாங்கலாம். குத்தைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லாதவர்கள் வாங்கினால் தப்பான குத்தைத்தான் இறுக்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், வளர்கிற எலும்பு. அந்தப் பத்து வயதுப் பெண் ஒருநாள் "அங்கிள், உங்க வீட்டுப் பலகையை நானும் குத்திப் பார்க்கவா?" என்று கேட்டாள். சென்செய் முந்திக்கொண்டு வேண்டாம் என்றார். மூட்டு வலி இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். முட்டியில் காய்ப்பு ஏறினால் வீரம் என்று நினைப்பவர்களுக்கும் இது தேவையில்லை, அதற்குக் கருங்கல்லே போதும். என் முட்டியில் ஒரு ரூபாய் அளவுகூடக் காய்ப்பு இல்லை, லேசாகத் தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பலகைக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். அந்தத் தாளுக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு. புதுப் பட்டை தனியாக விற்கிறார்கள், நான் வாங்கப் போவதில்லை. வைக்கோல் வாங்கி வந்து மூன்று நாளாகப் பிரி திரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டும் அவிழ்ந்துவிட்டன. மூன்றாவது இப்போதைக்கு நிற்கிறது.