ஜாக்கி இல்லாமல் கிரவுன் ஆயில் மாற்ற அரை லிட்டர் சக்ஷன் கன்: வாங்கலாமா?

ஓம்னி, ஈக்கோ, பொலேரோ, டாடா ஏஸ் என்று பின் சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கான விமர்சனம் இது. பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் கியர் தொகுதி) ஹவுசிங்குக்குள் இருக்கும் ஆயிலைத்தான் கிரவுன் ஆயில் என்கிறோம். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன் சக்கர வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் தனியாக கிரவுன் ஆயில் கிடையாது.

அரை லிட்டர் பிடிக்கும் இரும்புக் குழாய், உள்ளே ரப்பர் வாஷர் போட்ட பிஸ்டன், பின்னால் கைப்பிடி, முனையில் குட்டையான பிளாஸ்டிக் டியூப். ஊசி போடும் சிரிஞ்சைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ‘ஆயில் சக்ஷன் கன்’ என்று கேளுங்கள். பெயரில்லாத ரகங்களே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்த வேலைக்கு அதுவே போதும், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் கொடுத்தபடியே வண்டிக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மாற்றம் செய்தாக வேண்டும்.

முதலில் டியூப். கைப்பிடியை முழுக்க இழுத்துவிட்டால் கன்னின் நீளம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஈக்கோவுக்கு அடியில் அதைத் திருப்பவே இடமிருக்காது. கூட வரும் டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆயில் தாங்கும் 10 மி.மீ. உள்விட்டமுள்ள டியூபை ஒரு மீட்டர் வாங்கி மாட்டுங்கள். ஒருவர் டியூப் முனையை ஆயில் ஊற்றும் ஓட்டையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அழுத்தலாம். அடுத்தது டியூப் சேரும் இடம். கெட்டி ஆயிலை அழுத்தும்போது அந்த மூட்டுதான் முதலில் பிடுங்கிக்கொள்ளும், ஆயில் முழுக்கக் கை மேல் வழியும். ஒரு சின்ன ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. கடையிலேயே ஒரு சோதனையும் செய்துவிடுங்கள்: முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்து விட்டால், அது தானாக உள்ளே திரும்பிப் போக வேண்டும். இழுத்த இடத்திலேயே நின்றால் வாஷர் காற்று விடுகிறது என்று அர்த்தம், வேறு எடுங்கள்.

வண்டியைத் தூக்காமல் செய்வது வேறு வழியில்லாமல் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கிரவுன் ஆயிலைப் பொறுத்தவரை அதுதான் சரியான முறை. ஹவுசிங்கில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் ஊற்றும் ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்புதான் அளவு. பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றினால் ஹவுசிங் சாய்ந்து அந்த அளவு பொய்யாகிவிடும். ஆயில் கூடினால் ஆக்சில் முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும், பிரேக் பிடிக்காது. குறைந்தால் பினியன் (கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சின்ன கியர்) பேரிங் காய்ந்து ஊளைச் சத்தம் எழும். இன்னொன்று, வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் ரோடு சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கும். ஃபில்லர் ஓட்டை ஹவுசிங்கின் நடுவில் இல்லாத வண்டிகளில் இந்தப் பக்கவாட்டுச் சரிவும் அளவைக் கெடுக்கும். கான்கிரீட் போட்ட முற்றமோ, கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கோ தேடிப் பிடியுங்கள்.

வேலைக்கு முதல் நாளே, ஆயில் ஊற்றும் ஃபில்லர், ஆயில் இறக்கும் டிரெயின் என்ற பிளக் இரண்டையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருவிளக்கி அடித்து வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றில் இந்தப் பிளக்குகள் இறுகிப்போகும். சிலவற்றுக்கு ஆறுமுனைத் தலை, சிலவற்றுக்கு ஆலன் கீ, சிலவற்றுக்கு அரை அங்குல ராட்செட்டின் சதுர முனையே நேராகப் பொருந்தும். எது என்று பார்த்துக்கொண்டு டூல் வாங்குங்கள். ரிங் ஸ்பேனர் பொருந்துகிற இடத்தில் ஓப்பன் ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கிவிடும்.

மறுநாள் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். பிறகு மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்து, ஆயிலை முழுக்க இறக்கிய பிறகு ஃபில்லர் வராமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம்கூடப் போக முடியாது. ஃபில்லர் கழன்ற பிறகே டிரெயினில் கை வையுங்கள். வடியும் ஆயிலைப் பிடிக்கும் தட்டுக்கு 5 லிட்டர் ஆயில் கேனைப் படுக்க வைத்து மேல்புறத்தை அறுத்துக்கொள்ளலாம். உயரம் குறைவு, ஹவுசிங்குக்கு அடியில் நுழையும். சொட்டு நிற்க இருபது நிமிடமாவது விடுங்கள்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், விரலிடுக்கில் தேய்த்தால் நெருடாமல் குழைகிற பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் சிக்குகிற சிலும்போ கியர் பல்லின் துணுக்கோ இருந்தால் ஆயில் மாற்றி மட்டும் பயனில்லை, ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். சுரங்கப்பாதைகளில் தேங்கும் மழைநீரில் இறங்கி ஏறும் வண்டிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் முங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, பிரீதர் (ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஆக்சிலே முங்குகிற தண்ணீரில் போன வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள், உடனே மாற்றுங்கள். ஆயில் காபி நிறத்தில் வந்தால் ஒரு தடவை நிரப்பிக் கொஞ்சநாள் ஓட்டி, மறுபடி இறக்கிப் புதிது ஊற்றினால்தான் ஈரம் முழுக்கப் போகும். பிரீதர் மூடியை ஊதிப் பார்த்து அடைப்பு இருந்தால் நீக்குங்கள்.

புது ஆயிலுக்கு வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை), ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகை) ரகம்தான் கேட்பார்கள். மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘90 ஆயில்’ என்று மட்டும் கேட்டால் ஜிஎல்-4 கையில் வந்துவிடலாம். கிரவுன், பினியன் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-5இல் அதிகம். மீதமான ஆயிலை ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அது அரிக்கக்கூடும். மஹிந்திரா தார் வண்டியில் வரும் லாக்கிங் டிஃபரன்ஷியலுக்கு மேனுவல் சொல்லும் ஆயிலைத் தவிர வேறு வேண்டாம்.

இனி கன்னின் வேலை. புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை மூடுங்கள். ஆயில் டப்பாவை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் இளகிவிடும். ஆயிலை வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி, டியூப் முனை மூழ்கியே இருக்கும்படி மெதுவாக இழுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் பாதி காற்றுதான் வரும். எத்தனை கன் போனது என்ற கணக்கை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் டியூபிலேயே சுமார் 78 மில்லி தங்கும். ஃபில்லர் விளிம்பில் ஆயில் முட்டி, நூலாக வழிய ஆரம்பிக்கும்போது நிறுத்தி, வழிவது நின்றதும் பிளக்கைப் போடுங்கள். ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டி முறுக்காமல், சாதாரண ஸ்பேனர் பலத்தில் இறுக்கினால் போதும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இரண்டு பிளக்கையும் துணியால் தொட்டுப் பாருங்கள்.

டிரெயின் பிளக் இல்லாத ஹவுசிங்கில் இதே கன்னால் ஃபில்லர் வழியே பழைய ஆயிலை உறிஞ்சலாம். அடியில் கொஞ்சம் தங்கும், கசடு முழுக்க வராது. அந்த ஒரு வேலையில் இந்தக் கன்னுக்கு மதிப்பெண் குறைவுதான்.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றினால் பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் போகும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படலம் என்ன செய்தது என்று இந்தப் பக்கத்து மீனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கன்னைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், வாஷர் உப்பிவிடும். உள்ளே உள்ளதை அழுத்தி வெளியேற்றி, முனையில் ஒரு பாலித்தீன் பை கட்டித் தொங்கவிட்டால் அடுத்த தடவைக்கும் அப்படியே எடுக்கலாம்.